வாட்டர் சர்வீஸ் பம்பில் குயிக் கப்ளர்: எந்த மூட்டில் போடலாம், எதில் கூடாது

கேள்வி கேட்டவர் வண்டிப்பெரியாறு பக்கம். கொல்லம்–தேனி சாலையோரம் ஜீப்பும் லாரியும் கழுவ வாட்டர் சர்வீஸ் போட்டிருக்கிறார். 150 பார் பம்ப், நிமிடத்துக்கு 15 லிட்டர் தள்ளும், ஹோஸ் 30 மீட்டர். சேஸ் அடிக்க நீள லான்ஸ் (கன்னின் முன்னால் மாட்டும் குழாய்), பாடிக்குக் குட்டை லான்ஸ், நுரைக்கு ஃபோம் கன் என்று ஒவ்வொரு வண்டிக்கும் ஸ்பேனர் பிடித்துக் கழற்றி மாட்டியே பாதி நேரம் போய்விடுகிறதாம். குயிக் கப்ளர், அதாவது ஸ்பேனர் இல்லாமல் கையாலேயே சொருகிக் கழற்றும் இணைப்பு, போடலாம் என்று கடைக்குப் போனால் ஒருவர் "அதைப் போட்டா பிரஷர் இறங்கிடும்" என்கிறார். இன்னொருவர் "பித்தளை நிக்காது, எஸ்.எஸ். எடுங்க" என்கிறார் (எஸ்.எஸ். என்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்). மூன்றாவது கடையில் கம்ப்ரஸருக்குப் போடும் ஏர் கப்ளரை எடுத்து நீட்டி "எல்லாம் ஒண்ணுதான்" என்றிருக்கிறார்கள். எதை வாங்குவது என்று கேட்கிறார். அதற்கு மட்டும் பதில் என்றால் இரண்டு வரியில் முடித்துவிடலாம். ஆனால் அதற்குள் இன்னும் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. வாங்குவது ஏற்கெனவே கையில் இருப்பதோடு சேருமா? தொட்டியிலிருந்து நாசில் வரை இருக்கிற மூட்டுகளில் எதற்கெல்லாம் கப்ளர் வேண்டும்? நான் பார்த்தவரை ஆட்கள் பணத்தை விடுவது இந்த இரண்டில்தான்.

நான் கம்பத்தில் பம்ப் சர்வீஸ் செய்கிறவன். ஏலத்தோட்டத்துக்கு மருந்தடிக்கப் போகும் ஹெச்.டி.பி. ஸ்பிரேயர்களும் வாட்டர் சர்வீஸ் பம்புகளும்தான் என்னிடம் அதிகம் வரும். கீழே சொல்வதெல்லாம் பச்சைத் தண்ணீர் அடிக்கும் பம்புக்கு. சூடு தண்ணீர், ஸ்டீம் மெஷின் என்றால் ஹோஸ், ஓ ரிங் (கசிவை நிறுத்தும் ரப்பர் வளையம்), கப்ளர் மூன்றுக்கும் தரம் வேறு. அது என் வேலை அல்ல. மெஷின் செய்தவர் கொடுத்த புத்தகத்தைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் பிரஷர் இறங்கும் என்ற பயம். நிமிடத்துக்கு 15 லிட்டர் என்றால் நொடிக்குக் கால் லிட்டர். 6 மில்லி துளை உள்ள ஒரு கப்ளருக்குள் அந்தத் தண்ணீர் நொடிக்கு ஏறக்குறைய 9 மீட்டர் வேகத்தில் போகும். கணக்குப் போட்டால் அந்த ஓர் இடத்தில் போகிற அழுத்தம் அரை பார் அளவு. உள்ளே இருக்கும் படிகள், முனைகள் எல்லாம் சேர்த்தாலும் ஒரு பார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 150 பாரில் ஒரு பாரைக் கன் பிடிப்பவர் கை உணராது. ஹோஸ் விஷயம் அப்படியில்லை. உள்விட்டம் 10 மில்லி இருக்கும் 30 மீட்டர் ஹோஸில் இதே தண்ணீர் போனால் 3, 4 பார் குறையும். 8 மில்லி ஹோஸ் என்றால் 10 பார் வரை. 6 மில்லி ஹோஸ் என்றால் 40 பார் போய்விடும். விட்டம் கொஞ்சம் குறைந்தாலும் இழப்பு பல மடங்கு ஏறும், அதுவும் முழு நீளத்துக்கும். கப்ளர் ஓர் இஞ்ச் நீளம். ஹோஸ் 30 மீட்டர். ஆகவே பிரஷருக்காகக் கவலைப்பட்டால் ஹோஸைப் பாருங்கள், கப்ளரை விட்டுவிடுங்கள். (கேஜில் கிலோ என்று போட்டிருந்தால் குழம்ப வேண்டாம், ஒரு பாரும் ஒரு கிலோவும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பி.எஸ்.ஐ. என்றால் ஒரு பாருக்கு 14.5.)

அப்படியானால் "கப்ளர் மாத்தினேன், பிரஷர் போச்சு" என்று சொல்கிறவர்கள் பொய்யா சொல்கிறார்கள்? இல்லை. பெரும்பாலும் அவர்கள் கப்ளரோடு நாசிலையும் மாற்றியிருப்பார்கள். குயிக் கப்ளர் செட் வாங்கினால் கூடவே கலர் கலராக ஐந்து நாசில் வரும்: சிவப்பு நேர் ஜெட், மஞ்சள் 15 டிகிரி, பச்சை 25, வெள்ளை 40, கறுப்பு சோப்புக்கு. எல்லோரும் கலரைப் பார்க்கிறார்கள், மேலே குத்தியிருக்கும் நம்பரைப் பார்ப்பதில்லை. அந்த நம்பர் துளையின் அளவு: 4 என்றால் 4,000 பி.எஸ்.ஐ.யில் நிமிடத்துக்கு 4 அமெரிக்க கேலன், அதாவது சுமார் 15 லிட்டர், விடும் துளை. உங்கள் பம்ப் 15 லிட்டரை 150 பாரில் கொடுக்க வேண்டுமானால் 5.5 நம்பர் வேண்டும். செட்டில் 8 நம்பர் வந்திருந்து அதை மாட்டினால் அதே பம்ப் 70 பாருக்குக் கீழே இறங்கிவிடும். 4 நம்பர் மாட்டினால் அன்லோடர் (அழுத்தம் மீறினால் தண்ணீரைத் திருப்பிவிடும் வால்வு) 150இல் நிறுத்தி மிச்சத் தண்ணீரைப் பைபாஸில் தள்ளும், நாசிலில் 11 லிட்டர்தான் வரும். பழி கப்ளர் மேல் விழும். நாசில் செட்டைத் தனியாக, நம்பர் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது அந்த ஏர் கப்ளர். இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை, போடக் கூடாது. டயர் கடையில், ஸ்பிரே பெயின்ட் கடையில் இருப்பது 10, 15 பாருக்குச் செய்தது. நீங்கள் கொடுக்கப் போவது அதன் பத்து மடங்கு. மாட்டினால் சில சமயம் நிற்கும், அதுதான் ஆபத்து. ஒரு நாள் சாக்கெட்டுக்குள் சொருகிய பிளக்கைப் பிடித்திருக்கும் பால் குண்டுகள் விட்டுப்போய் 150 பாரில் ஹோஸ் பாம்பு மாதிரி சுழன்று அடிக்கும். பார்த்தாலே வித்தியாசம் தெரியும். ஏர் கப்ளரின் சாக்கெட்டுக்குள் ஒரு ஸ்பிரிங் வால்வு இருக்கும், பிளக்கைக் கழற்றினால் காற்றை அடைத்துவிடும். வாட்டர் வாஷ் கப்ளரை வெளிச்சத்தில் பிடித்தால் இந்தப் பக்கம் இருந்து அந்தப் பக்கம் தெரியும். பொதுவாக உள்ளே வால்வு கிடையாது, நேர்த் துளை. ஜே.சி.பி., டிராக்டரில் வரும் ஹைட்ராலிக் கப்ளரும் ஒன்று உண்டு. அது அழுத்தத்தைத் தாங்கும்; ஆனால் எண்ணெய்க்குச் செய்த வால்வு தண்ணீரில் துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும், திறந்திருந்தாலும் வழியைக் குறுக்கும். அதுவும் வேண்டாம். எந்தக் கப்ளர் எடுத்தாலும் உடம்பில் வேலை அழுத்தம் குத்தியிருக்க வேண்டும். 150 பார் பம்புக்கு 250 பார் என்று குத்தியிருப்பதை எடுங்கள். ஒன்றும் குத்தாத பளபளப்பான சாமான் நல்லதாகக்கூட இருக்கலாம், ஆனால் அதை நிரூபிக்க உங்களிடமும் வழியில்லை, என்னிடமும் வழியில்லை.

அளவுக்கு வருவோம். வாட்டர் வாஷ் உலகத்தில் குயிக் கப்ளர் நடைமுறையில் இரண்டே அளவு. கால் இஞ்ச், அப்புறம் மூணு நூல், அதாவது 3/8. கால் இஞ்ச் நாசில் மாட்டும் இடத்துக்கு. லான்ஸ் முனையில் சாக்கெட், நாசிலின் பின்னால் பிளக். மூணு நூல் ஹோஸுக்கு, கன்னுக்கு, பம்ப் அவுட்லெட்டுக்கு. இதை மாற்றிப் போட்டாலும் பம்ப் ஓடும். ஆனால் தனித்தனி அளவாக வைத்திருந்தால் இன்னொரு லாபம் உண்டு: அவசரத்தில் வேலைக்காரப் பையன் நாசிலை நேராக ஹோஸில் மாட்ட முடியாது. லான்ஸ் மாற்றும் இடம், அதாவது கன்னுக்கும் லான்ஸுக்கும் நடுவே, கால் இஞ்சாகவும் வரும், மூணு நூலாகவும் வரும். உங்கள் ஃபோம் கன் எதில் வந்ததோ அதற்கே மற்ற லான்ஸ்களையும் மாற்றிக்கொள்ளுங்கள். ஒரே கன், மூன்று முனைகள், ஒரே பிளக். உங்களுக்கு மிச்சமாகிற நேரம் எல்லாம் இந்த ஒரு மூட்டில்தான் இருக்கிறது.

இதற்கு நடுவில் எம் 22 என்ற மரைநட்டு ஒன்று வரும். கையால் முறுக்குகிற, கறுப்பு பிளாஸ்டிக் பிடி போட்ட நட்டு. ஆன்லைனில் வாங்குகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். வெளி மரை ஒன்றேதான், 22 மில்லி, 1.5 பிட்ச். ஆனால் நட்டுக்குள் நடுவில் ஓ ரிங் போட்ட ஒரு குச்சி நிற்கும். அது 14 மில்லியிலும் வருகிறது, 15 மில்லியிலும் வருகிறது. 15 குச்சி 14 துளைக்குள் போகாது, அது பரவாயில்லை, உடனே தெரிந்துவிடும். 14 குச்சி 15 துளைக்குள் போகும், நட்டும் கடைசி வரை இறுகும், ஆன் செய்தால் ஒழுகும். எவ்வளவு டெஃப்ளான் டேப் சுற்றினாலும் நிற்காது, ஏனென்றால் அந்த மூட்டில் தண்ணீரை நிறுத்துவது மரை இல்லை, குச்சியில் இருக்கிற ஓ ரிங். வெர்னியர் வைத்து அளந்துவிட்டு வாங்க வேண்டும். வீட்டு உபயோகத்துக்கு வரும் சின்ன மெஷின்களில் சில கம்பெனிகள் எம் 22வும் இல்லாமல் தங்களுக்கென்று கிளிப், பயோனெட் வைத்திருப்பார்கள். அவற்றுக்கு அடாப்டர் உண்டு. ஆனால் லாரி கழுவும் கடைக்கு அந்த மெஷினே தோது இல்லை என்பது என் எண்ணம்.

மற்ற மரைகளில் நம் ஊர்ச் சிக்கல் பி.எஸ்.பி., என்.பி.டி. என்ற இரண்டு மரை வகைகள். நம் நாட்டுப் பைப், நம் பக்கம் வரும் இத்தாலி, சீனா பம்புகளில் பெரும்பாலானவை பி.எஸ்.பி. அமெரிக்கச் சந்தைக்குச் செய்த கப்ளர்கள் என்.பி.டி. கால் இஞ்சிலும் மூணு நூலிலும் பி.எஸ்.பி.க்கு இஞ்சுக்கு 19 மரை, என்.பி.டி.க்கு 18. கோணமும் வேறு, ஒன்று 55 டிகிரி, மற்றது 60. இரண்டு மூன்று சுற்றுப் போகும், பிறகு இறுகும். "டைட்டா இருக்கு, நல்லா பிடிச்சிருக்கு" என்று தோன்றும். உண்மையில் மரை சிதைந்துகொண்டிருக்கிறது. அரை இஞ்சில் இன்னும் மோசம்: இரண்டுக்குமே 14 மரை என்பதால் நன்றாகவே உள்ளே போகும், கோணம் சேராததால் கசியும். கண்ணால் பார்த்துச் சொல்ல எனக்கே வராது, த்ரெட் கேஜ் வைத்துத்தான் பார்ப்பேன். லேத் பட்டறைகளில் அது இருக்கும், கேட்டால் பார்த்துக் கொடுப்பார்கள்.

லேத் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். சாமான் கிடைக்காவிட்டால் பித்தளைக் கம்பியில் அடாப்டர் கடைந்து வாங்குவது நம் பக்கத்துப் பழக்கம். ஹெச்.டி.பி. ஸ்பிரேயர் 20, 30 கிலோவில் ஓடுவதால் அதற்கு அது போதும். அதே பழக்கத்தை 150 பாருக்குக் கொண்டு வராதீர்கள். நல்ல கடைசல்காரர் செய்ததும் நிற்கலாம், ஆனால் சுவர் எவ்வளவு கனம் மிஞ்சியது, கம்பி என்ன கலப்பு என்பது யாருக்கும் தெரியாது. இதே காரணத்துக்காக இன்னொன்று: தோட்டத்து மஞ்சள் ஸ்பிரே ஹோஸை நிப்பிளில் சொருகிக் கிளிப் போட்டு இறுக்குவதும் கூடாது. வாஷ் பம்பின் ஹோஸ் முனை இரும்பு ஃபெரூல் (வளையம்) போட்டு மெஷினில் கிரிம்ப் பண்ணியதாக, அதாவது நசுக்கி இறுக்கியதாக, இருக்க வேண்டும். ஹோஸ் வாங்கும்போது 1எஸ்.என். அல்லது ஆர்1 என்று அச்சடித்தது ஒரு கம்பி வலை, 2எஸ்.என். அல்லது ஆர்2 என்றால் இரண்டு. மூணு நூல் ஹோஸில் ஐரோப்பியத் தரப்படி 1எஸ்.என். 180 பார், 2எஸ்.என். 330 பார். 150 பாருக்கு முதலாவதே போதும். இரண்டாவது கனம், வளையாது, சாயங்காலம் கை வலிக்கும். ஆனால் லாரி டயர் ஹோஸ் மேல் ஏறும் இடமாக இருந்தால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

இனி எதை எந்தப் பக்கம் போடுவது. என் வழக்கம் இது: தண்ணீர் வரும் பக்கம் சாக்கெட், தண்ணீர் போகும் பக்கம் பிளக். பம்ப் அவுட்லெட்டில் சாக்கெட், ஹோஸின் பம்ப் பக்க முனையில் பிளக், கன் பக்க முனையில் சாக்கெட், கன்னின் பின்னால் பிளக், முன்னால் சாக்கெட், லான்ஸின் பின்னால் பிளக், முனையில் சாக்கெட், நாசிலில் பிளக். தொடக்கத்திலிருந்து கடைசி வரை இதே முறை. இப்படி வைத்தால் எந்த ஹோஸையும் எந்த ஹோஸோடும் சேர்த்து நீட்டலாம், ஹோஸ் இல்லாமல் கன்னை நேராகப் பம்பிலேயே மாட்டிச் சோதிக்கலாம். இதை எதிர்க்கிறவர்களும் உண்டு. கன் பக்கத்தில் ஹோஸ் முனை சாக்கெட்டாக இருந்தால் அது கீழே விழும்போது மண்ணைக் கவ்வும், ஸ்லீவுக்குள், அதாவது இழுத்துக் கழற்றும் வெளி வளையத்துக்குள், மணல் புகுந்தால் பால் குண்டு ஒட்டிக்கொள்ளும், ஆகவே ஹோஸில் பிளக்கும் கன்னில் சாக்கெட்டும் போடு என்பார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மழைக்காலத்தில் ஏலத்தோட்டத்து ஜீப்பிலிருந்து இறங்குகிற செம்மண் சேறு எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எது சரி என்று அடித்துச் சொல்ல மாட்டேன். உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான், ஷெட்டுக்குள் ஒரே முறை இருக்க வேண்டும். பாதி அப்படியும் பாதி இப்படியும் இருந்தால் இரண்டு பக்கமும் சாக்கெட்டாக நிற்கும், நடுவில் ஓர் அடாப்டர் தேடுவீர்கள், அந்த அடாப்டரே அடுத்து ஒழுகும் மூட்டாகும்.

இப்போது தொட்டியிலிருந்து நடந்து வருவோம். சக்ஷன் பக்கம் குயிக் கப்ளர் வேண்டவே வேண்டாம். கப்ளரின் ஓ ரிங் உள்ளிருந்து வெளியே தள்ளும் அழுத்தத்தில் இறுகும்படி அமைந்தது. சக்ஷனில் இழுப்பு எதிர்ப்பக்கம். தண்ணீர் வெளியே ஒழுகாது, காற்று உள்ளே போகும். வெளியே ஒரு சொட்டும் தெரியாததால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். பம்ப் கடகடவென்று சத்தம் போடும், ஜெட் விட்டு விட்டு வரும், சீலும் வால்வும் சீக்கிரம் போகும். ஆட்கள் வால்வு செட் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். தொட்டியிலிருந்து பம்புக்கு மடங்காத, கம்பிச் சுருள் போட்ட சக்ஷன் ஹோஸ், பம்பின் இன்லெட் அளவுக்கு ஒரு சைஸ் பெரியது, நல்ல கிளிப், முன்னால் ஒரு ஃபில்டர். அவ்வளவு போதும். குழாயிலிருந்து நேராகத் தண்ணீர் அழுத்தத்தோடு வரும் சின்ன மெஷினில் தோட்டத்து பிளாஸ்டிக் கிளிக் கப்ளர் போடுவது வேறு கதை, அங்கே இழுப்பு இல்லை. மலை ஓடைத் தண்ணீர் என்றால் ஃபில்டரை மறக்காதீர்கள். நைஸ் மணல் பம்பை மட்டுமல்ல, கப்ளரின் ஓ ரிங்கையும் அறுக்கும்.

பம்ப் அவுட்லெட்டில் கப்ளர் போடலாம். ஆனால் பம்ப் அதிரும். அதிர்கிற தலையில் அடாப்டர், எல்போ, டீ, கேஜ், கப்ளர் என்று ஒரு முழம் நீளத்துக்குப் பித்தளையைக் கோத்துத் தொங்கவிட்டால் ஏதாவது ஒரு மரை அடியில் விரியும். அவுட்லெட்டிலிருந்து ஒரு மீட்டர் ஹோஸ் துண்டு, மறுமுனை சுவரில் கிளாம்ப் அடித்த இடத்தில், கப்ளர் அங்கே. கேட்டவர் பம்பைத் தினமும் உள்ளே தூக்கி வைக்க வேண்டியவர் என்றால் இந்தத் துண்டு ஹோஸ் இன்னும் வசதி. பம்ப் சுவரோடு போல்ட் அடித்து நிரந்தரமாக இருக்கிறதென்றால் இந்த மூட்டுக்குக் கப்ளரே தேவையில்லை, மரையில் இறுக்கி விட்டுவிடுங்கள். மாதத்துக்கு ஒரு தடவை கழற்றும் மூட்டுக்குக் குயிக் கப்ளர் எதற்கு?

ஹோஸின் கன் பக்க முனையில் ஒரு ஸ்டீல் பால் வால்வு போடுகிறவர்கள் இருக்கிறார்கள், பம்பை நிறுத்தாமலே கன் மாற்றுவதற்காக. வால்வை மூடினால் கன் பக்கம் மிஞ்சிய அழுத்தத்தை டிரிகர் பிடித்து விட்டுவிடலாம். வசதிதான். அதற்கு அன்லோடர் சரியாக வேலை செய்ய வேண்டும், வால்வும் 250 பாருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். வீட்டுக் குழாய்க்குப் போடும் பால் வால்வை இங்கே போடுவது ஏர் கப்ளர் போடுவதற்குச் சமம். உங்களுக்கு லான்ஸ் மாற்றுவதுதான் வேலை என்பதால் இது அவசியமில்லை என்றே நினைக்கிறேன்.

ஹோஸுக்கும் கன்னுக்கும் நடுவே ஒரு ஸ்விவல் (சுற்றும் மூட்டு) மட்டும் போடுங்கள். கப்ளரே சுற்றுகிறதே என்று கேட்பீர்கள். சுற்றும். ஆனால் அழுத்தத்தில் சுற்றுவதற்காக அதைச் செய்யவில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் ஓ ரிங் தேயும், பிளக்கின் பள்ளம் தேயும். ஸ்விவலில் அதற்கென்று பேரிங்கும் சீலும் இருக்கின்றன. கன் பக்கத்துக் கப்ளர் மட்டும் அடிக்கடி ஒழுகுகிறது என்று வருகிற கடைகளில் பார்த்தால் பெரும்பாலும் ஸ்விவல் இருக்காது.

பித்தளையா, எஸ்.எஸ்.ஸா? நான் சாக்கெட்டைப் பித்தளையிலும் பிளக்கை எஸ்.எஸ்.ஸிலும் எடுக்கச் சொல்வேன். தரையில் அடிபடுவதும், பால் குண்டு உட்காரும் பள்ளம் தேய்வதும் பிளக்கில்தான். அது கடினமாக இருக்கட்டும். சாக்கெட் உடம்பு பித்தளையாக இருந்தால் துருவில் ஒட்டாது, விலையும் தாங்கும். முலாம் பூசிய இரும்பு பிளக் மலிவு, புதிதில் நன்றாக இருக்கும், முலாம் உரிந்த இடத்தில் துரு சொரசொரக்கும், அந்தச் சொரசொரப்பு ஓ ரிங்கைத் தின்னும். எல்லாமே எஸ்.எஸ். என்றால் தவறில்லை, ஆனால் எஸ்.எஸ். மரையில் எஸ்.எஸ். மரையை உலர்வாக இறுக்கினால் ஒன்றையொன்று கவ்விப் பிறகு கழற்றவே வராது, டேப்போ பேஸ்டோ கட்டாயம். எவ்வளவு காலம் வரும் என்பதை உங்கள் தண்ணீர்தான் தீர்மானிக்கும், அதை இங்கிருந்து நான் சொல்ல முடியாது. துருவெடுக்கும் ஆசிட் கெமிக்கலை மட்டும் ஹோஸ் வழியாக விடாதீர்கள். பித்தளையிலிருந்து துத்தநாகத்தை அது உறிஞ்சிவிடும். உப்பு ஆசிட் என்றால் எஸ்.எஸ்.ஸிலும் குழி விழும். ஃபோம் கன்னில் சோப்பு கடைசி முனையில் கலப்பதால் கப்ளர்களுக்குள் வெறும் தண்ணீர்தான் போகிறது, அது நல்ல ஏற்பாடு.

டேப் எங்கே சுற்றுவது என்பதிலும் குழப்பம் அதிகம். கூம்பு மரைக்கு டேப். நேர் மரைக்கு வாஷர், செம்பு வாஷரோ ரப்பர் ஒட்டிய இரும்பு வாஷரோ. ஓ ரிங் உள்ள மூட்டுக்கு எதுவும் கிடையாது. டேப் துணுக்கு அறுந்து உள்ளே போனால் நேராக நாசில் துளையில் போய் அடைக்கும், அதனால் மரையின் முதல் சுற்றை விட்டுச் சுற்றுங்கள்.

சாக்கெட்டுக்குள் இருக்கும் ஓ ரிங் பொதுவாகக் கறுப்பு நைட்ரைல். பச்சைத் தண்ணீருக்கு அது போதும். சிலர் ஈ.பி.டி.எம். போடுவார்கள்; அது தண்ணீருக்கு அருமை, ஆனால் கிரீஸ், ஆயில் பட்டால் ஊதிப் பிளக்கையே உள்ளே விடாது. எந்த ரப்பர் என்று தெரியாவிட்டால் சிலிகான் கிரீஸ் தடவுங்கள், இரண்டுக்கும் ஒத்துக்கொள்ளும். வண்டிக்குப் போடும் சாதாரண கிரீஸ் வேண்டாம். ஓ ரிங் பத்து வாங்கி டப்பாவில் போட்டு ஷெட்டிலேயே வையுங்கள். கார்த்திகை பிறந்து ஐயப்ப சாமிகள் வண்டி வரிசை கட்டும் நாளில் ஒரு ஓ ரிங்குக்காகக் குமுளிக்கோ கம்பத்துக்கோ ஓட வேண்டாம்.

கழற்றும் முறையை வேலைக்கு நிற்கும் பையன்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். மோட்டாரை நிறுத்தி, தண்ணீர் நிற்கும் வரை டிரிகரைப் பிடித்து, லாக் போட்டு, அதற்குப் பிறகுதான் ஸ்லீவை இழுக்க வேண்டும். கன்னை மூடிவிட்டாலே ஹோஸில் அழுத்தம் போய்விடாது, அன்லோடர் அதை அடைத்து வைத்திருக்கும். ஸ்லீவ் நகர மறுக்கிறதென்றால் உள்ளே அழுத்தம் இருக்கிறது என்று பொருள். சுத்தியலால் தட்டிக் கழற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அதைவிட மடத்தனம் இல்லை. மாட்டியபின் ஒரு முறை பின்னால் இழுத்துப் பார்க்க வேண்டும், அரைகுறையாக உட்கார்ந்த பிளக் அப்போதே வந்துவிடும். கசிவு எங்கே என்று விரலால் தடவித் தேடக் கூடாது. இந்த அழுத்தத்தில் ஊசி போல் வரும் நீர் தோலுக்குள் புகும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், வலிகூட முதலில் இருக்காது. ஆனால் சேறும் சோப்பும் உள்ளே போயிருக்கும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் "பிரஷர் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது" என்று சொல்லியாக வேண்டும், பேண்டேஜ் ஒட்டிவிட்டு வேலை பார்க்கிற காயம் இல்லை அது.

கப்ளர் போட்டபின் ஒரு சத்தத்தைக் கவனியுங்கள். கன் மூடியிருக்கும்போது பம்ப் ஒரே சீராக ஓட வேண்டும். சில நொடிக்கு ஒரு முறை தக், தக் என்று உதைத்தால் அன்லோடருக்குப் பின்னால் எங்கோ அழுத்தம் கசிகிறது. அன்லோடரைத் திருகுவதற்கு முன் ஒவ்வொரு கப்ளரையும் பாருங்கள். பத்து ரூபாய் ஓ ரிங்காக இருக்கும். ஓ ரிங் மாற்றியும் ஒழுகினால் பிளக்கைச் சாக்கெட்டுக்குள் வைத்து ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் பள்ளம் தேய்ந்துவிட்டது, சாக்கெட்டையும் பிளக்கையும் சேர்த்தே மாற்றுங்கள். புதுப் பிளக்கைத் தேய்ந்த சாக்கெட்டில் போட்டால் கொஞ்ச நாளில் அதுவும் அப்படியே.

ஆக உங்களுக்கு இப்போது வாங்க வேண்டியது குறைவுதான்: கன்னில் ஒரு சாக்கெட், இரண்டு லான்ஸுக்கும் ஃபோம் கன்னுக்குமாக மூன்று பிளக், லான்ஸ் முனைகளுக்குக் கால் இஞ்ச் சாக்கெட் இரண்டு, 5.5 நம்பர் நாசில், கன்னுக்குப் பின்னால் ஒரு ஸ்விவல். பம்ப் பக்கத்தை இப்போதைக்குத் தொட வேண்டாம். வாங்க இறங்கும்போது கன்னையும் ஃபோம் கன்னையும் பையில் போட்டுக் கையோடு எடுத்து வாருங்கள். போட்டோவை வைத்து மரை சொல்ல என்னால் முடியாது, கடைக்காரராலும் முடியாது.